நேப்பியர் ஆர்ட் டெக்கோ விழா

நியூசிலாந்தின் வட தீவில், கிழக்குக் கரையிலுள்ள நேப்பியர் நகரில் ஆண்டுதோறும் பிப்ரவரி நடுவில் நடைபெறும் மரபுத் தெருவிழா. தென்கோளத்தில் அது கோடைக்காலம். சில நாட்களுக்கு நகரின் மையத் தெருக்கள் 1930களின் உடை, ஜாஸ் இசை, நடனம், கடற்கரைப் பூங்கா விருந்து ஆகியவற்றால் நிறைந்திருக்கும். சனிக்கிழமை நடக்கும் பழங்கார் ஊர்வலமே விழாவின் உச்சம். அழிந்து, ஒரே மூச்சில் திரும்பக் கட்டப்பட்ட ஊர் தன் இரண்டாம் பிறப்பைக் கொண்டாடும் நாட்கள் இவை.

பெயர்கள்: இவ்விடத்தின் மாவோரிப் பெயர் அஹூரிரி. சிந்துப் பகுதியைக் கைப்பற்றிய ஆங்கிலேயத் தளபதி சார்லஸ் நேப்பியரின் பெயர் 1850களில் நகருக்கு இடப்பட்டது. சென்னைக் கோட்டையில் எழுத்தராக வேலைக்குச் சேர்ந்த ராபர்ட் கிளைவின் பெயரில் ஒரு சதுக்கமும், வாரன் ஹேஸ்டிங்ஸின் பெயரில் ஒரு தெருவும் இங்கே உண்டு. தெருக்களுக்குப் பெயர் சூட்டிய ஆல்ஃபிரட் டோமெட் கவிஞரும் ஆவார். டென்னிசன் தெரு, எமர்சன் தெரு, டிக்கன்ஸ் தெரு, ஷேக்ஸ்பியர் சாலை எல்லாம் அவருடைய இலக்கியப் பற்றின் தடங்கள்.

நிலநடுக்கமும் மறுகட்டுமானமும் (1931–1933): 1931 பிப்ரவரி 3, செவ்வாய்க்கிழமை, முற்பகல் 10.47 மணியளவில் 7.8 ரிக்டர் அளவிலான நிலநடுக்கம் நேப்பியர் அமைந்துள்ள ஹாக்ஸ் பே வட்டாரத்தை உலுக்கியது. அதிர்வு ஏறத்தாழ இரண்டரை நிமிடம் நீடித்தது. செங்கல் கட்டடங்களின் கைப்பிடிச் சுவர்களும் கனத்த முகப்பு அலங்காரங்களும் பெயர்ந்து, தெருவுக்கு ஓடி வந்தவர்கள் மேலேயே விழுந்தன. மருந்துக் கடைகளில் பற்றிய தீ பரவியது. தண்ணீர்க் குழாய்கள் உடைந்துபோனதால் அணைக்க வழியில்லை. வணிகப் பகுதியின் பெரும்பங்கு சாம்பலாயிற்று. இறந்தவர் தொகை 256 என்பது பரவலாக ஏற்கப்பட்ட கணக்கு. அதைவிடச் சற்றுக் கூடுதலாகச் சொல்லும் நூல்களும் உள்ளன.

அன்று காலை துறைமுகத்தில் ‘வெரோனிகா’ என்ற கடற்படைக் கப்பல் நின்றிருந்தது. அதன் அடியில் கடற்தரையே மேலெழுந்ததால் கப்பல் தரைதட்டியது. கம்பியில்லாத் தந்தி வழியே ஆக்லாந்துக்குச் செய்தி அனுப்பியவர்கள் அதன் மாலுமிகளே. இடிபாடுகளுக்குள் இறங்கி மக்களை மீட்டவர்களிலும் அவர்கள் முன்னணியில் இருந்தனர். கப்பல் பின்னாளில் உடைக்கப்பட்டது. அதன் மணி மட்டும் நேப்பியருக்கு வந்து சேர்ந்தது. கடற்கரைச் சாலையில் கப்பலின் பெயரிலேயே ஒரு மண்டபம் உண்டு. அந்த மணிக்குக் கடற்படையினர் செய்யும் மரியாதை விழா நிகழ்ச்சிகளில் ஒன்று. ஊரைக் காத்த கப்பலுக்கு ஊர் செலுத்தும் இந்த நன்றி, விழாவின் ஆரவாரத்துக்கு நடுவே தனித்து நிற்கிறது.

நிலம் சில இடங்களில் 2.7 மீட்டர் வரை உயர்ந்தது. ஏறத்தாழ 40 சதுர கிலோமீட்டர் பரப்பு நீருக்கு மேலே வந்தது. இன்றைய விமான நிலையம் இருப்பது அப்படிக் கிடைத்த தரையில்தான். நகராட்சிக்குப் பதிலாக ஜான் பார்ட்டன், லாக்லன் கேம்ப்பெல் என்ற இரு ஆணையர்களிடம் நிர்வாகம் ஒப்படைக்கப்பட்டது. கடைகள் கிளைவ் சதுக்கத்தில் தகரக் கொட்டகைகளில் இயங்கின. மக்கள் அதைத் ‘தகர நகரம்’ என்றே அழைத்தனர். உள்ளூர்க் கட்டடக்கலைஞர்கள் போட்டியை ஒதுக்கிவைத்துக் கூட்டாக வேலை செய்தனர். தெருக்கள் அகலமாயின. முனைக் கட்டடங்களின் மூலைகள் வெட்டப்பட்டன. மின்கம்பிகள் தரைக்கடியில் போயின. புதிய கட்டடங்கள் கான்கிரீட்டால், பெரும்பாலும் ஒன்றிரண்டு மாடி உயரத்துக்குள் எழுந்தன. விழக்கூடிய அலங்காரம் எதுவும் வேண்டாம் என்பதால் கோடு, கதிர், படிக்கட்டு வடிவங்கள் சுவரோடு ஒட்டிய புடைப்பாகவே அமைந்தன. பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில் இதற்குச் செலவும் குறைவு. வங்கிக் கட்டடமொன்றில் மாவோரிக் கோலங்கள் கூரையடியில் தீட்டப்பட்டன. லூயிஸ் ஹே வடிவமைத்த தேசியப் புகையிலை நிறுவனக் கட்டடத்தின் நுழைவாயிலைச் சுற்றி ரோஜா, திராட்சை, நாணற்கதிர்ச் சிற்பங்கள் உள்ளன. நகரின் மிக அழகிய வாசல் அது என்பதை மறுப்பவர் குறைவு.

1933 ஜனவரியில் ‘புதிய நேப்பியர்’ கொண்டாட்டம் நடந்தது. இன்றைய விழாவின் தொடக்கம் இதுவே என்பது ஒரு சாராரின் கருத்து. இடையே அரை நூற்றாண்டு இடைவெளி இருப்பதால், முன்னோடி என்று மட்டும் சொல்வதே பொருத்தம் என்பர் மற்றவர்.

இடைக்காலம்: அடுத்த ஐம்பது ஆண்டுகளில் இக்கட்டடங்களை யாரும் பெரிதாக எண்ணவில்லை; சில இடிக்கப்பட்டன.

‘ஆர்ட் டெக்கோ’ என்ற பெயர் 1925ஆம் ஆண்டுப் பாரிஸ் கண்காட்சியின் பெயரிலிருந்து பிறந்து, 1960களின் இறுதியில்தான் பரவலானது. நேப்பியரைக் கட்டியவர்கள் தாங்கள் ‘ஆர்ட் டெக்கோ’ கட்டுவதாக நினைத்திருக்க வாய்ப்பில்லை. ஸ்பானிய மிஷன் பாணி, எளிமையாக்கப்பட்ட செவ்வியல் பாணி ஆகியவையும் இங்கே கலந்திருப்பதால், முழு நகரையும் இந்தப் பெயரில் அடக்குவது சரியா என்ற கேள்வி தொடர்கிறது.

விழாவும் கார்களும்: இக்கட்டடங்களைக் காக்க 1985இல் ஆர்ட் டெக்கோ அறக்கட்டளை உருவானது. 1980களின் இறுதியில் வார இறுதி விழாவாகத் தொடங்கியது பின்னர் நீண்டது. கட்டடங்களின் காலத்து வண்டிகளான ஃபோர்டு, பியூக், பேக்கார்டு முதலியவையே ஊர்வலத்தின் சிறப்பு. நியூசிலாந்தில் இத்தனை பழங்கார்கள் எஞ்சியிருப்பதற்கு, 1938க்குப் பின் வந்த இறக்குமதிக் கட்டுப்பாடுகளை ஒரு காரணமாகச் சொல்வதுண்டு. புதுக்கார் கிடைப்பது அரிதானதால், இருந்ததைப் பழுதுபார்த்தே ஓட்டினார்கள். 1946இல் தோன்றிய பழங்கார் சங்கமும் அவற்றைக் காப்பதில் துணைநின்றது.

ஊர்வலத்தைவிட, வண்டிகள் ஓரமாக நிற்கும் நேரம்தான் பார்வையாளருக்குக் கொடை. மரச் சக்கரக்கால்கள், மட்கார்டுகளை இணைக்கும் ஃபுட்போர்டு, ரேடியேட்டர் மூடிமேல் நிற்கும் சின்னஞ்சிறு உருவம் எல்லாவற்றையும் கிட்டப்போய்ப் பார்க்கலாம். சில வண்டிகளை ஹேண்டில் போட்டுத்தான் கிளப்ப வேண்டும். கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக வைத்துப் பிடிப்பார்கள். எஞ்சின் எதிர்த்து உதைத்தால் கை முறியாமல் தப்ப அதுவே வழி. இரண்டு பேர் உட்காரும் கார்களின் பின்புறத்தில் திறந்து விரியும் இருக்கைக்கு ‘டிக்கி’ என்று பெயர். நாம் இன்று காரின் பின்பெட்டிக்குச் சொல்லும் சொல் அதுதான்.

அண்மைக்காலம்: நேப்பியரின் மையப்பகுதி 2007இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னங்களுக்கான நியூசிலாந்தின் உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றது. கொரோனா காலத்தில் தடைப்பட்ட விழா, 2023 பிப்ரவரியில் கேப்ரியேல் புயல் தாக்கியதால் மீண்டும் நின்றது. 2024இல் திரும்ப நடந்தது.

கடைகளின் தரைத்தளக் கண்ணாடி முகப்புகள் பெரும்பாலும் காலப்போக்கில் மாற்றப்பட்டவை. 1930களின் நேப்பியரைக் காண விரும்புவோர் எதிர்ச்சாரி நடைபாதையில் நின்று, கடை முன்கூரைக்கு மேலே பார்க்க வேண்டும்.