அலாஸ்கா: ஆளில்லாத நிலம் உருவான கதை

அலாஸ்கா பயண விளம்பரங்களை நாலைந்து பார்த்தால் போதும், பாதை மனப்பாடம் ஆகிவிடும். வான்கூவரில் கப்பல் ஏற வேண்டும். கெட்சிகன், ஜூனோ, ஸ்காக்வே என்று மூன்று சிறு துறைமுகங்கள். பிறகு கிளேசியர் பே என்ற பனியாற்று விரிகுடாவில் ஒரு முழுப்பகல். ஏழாவது நாள் விட்டியரிலோ சீவர்டிலோ இறங்கி, கண்ணாடிக் கூரை போட்ட ரயிலில் டெனாலி பக்கம் போய், இரண்டு மூன்று இரவு தங்கி, ஃபேர்பேங்க்ஸில் விமானம் ஏறினால் முடிந்தது. கடல் பாதி, தரை பாதி. இதற்குக் 'குரூஸ்டூர்' என்று பெயர். படங்களில் பனி, கரடி, திமிங்கலம், மலை எல்லாம் இருக்கும். மனிதர்கள் என்றால் கப்பல் தளத்தில் காப்பிக் கோப்பையோடு நிற்கிற பயணிகள் மட்டும்தான்.

இந்த விளம்பரங்கள் தவறாமல் சொல்லும் சொல் 'வில்டர்னஸ்'. அதைத் தமிழில் சொல்லப் பார்த்தால் தடுமாற்றம்தான். 'வனாந்தரம்' என்றால் பைபிள் வாசனை வருகிறது. 'காடு' என்றால் பொருந்தவில்லை. கொங்குப் பக்கம் 'காட்டுக்குப் போறேன்' என்றால் வயலுக்குப் போகிறேன் என்று பொருள். இங்கே ரப்பர் தோட்டத்தையே பால்மரக்காடு என்றார்கள். நம்முடைய காட்டில் எப்போதும் யாராவது இருக்கிறார்கள். 'வில்டர்னஸ்' என்ற சொல்லுக்குத்தான் ஆளே இருக்கக் கூடாது. அலாஸ்காவில் அந்த ஆளின்மை இயற்கையாக அமைந்தது இல்லை. கப்பலும் ரயிலும் போன அதே பாதையில், அதே காலத்தில், படிப்படியாக உண்டாக்கப்பட்டது. வரலாற்றை அந்தப் பயண வரிசையிலேயே பார்க்கலாம்.

நீராவிக் கப்பல்கள்

1867இல் அமெரிக்கா 72 லட்சம் டாலர் கொடுத்து ரஷ்யாவிடமிருந்து அலாஸ்காவை வாங்கியது. தென்கிழக்குக் கடற்கரையில் ஊர் ஊராக வாழ்ந்துகொண்டிருந்த டிலிங்கிட் மக்களை இரண்டு தரப்பும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. 1879 அக்டோபரில் இயற்கை ஆர்வலர் ஜான் மியூர், ராங்கெல் என்ற ஊரிலிருந்து படகில் வடக்கே கிளம்பினார். படகை நடத்தியவர் டோயாட்டே என்ற டிலிங்கிட் தலைவர். துடுப்புப் போட்டவர்களும் உள்ளூர்க்காரர்கள். வழியில் ஹூனா குலத்துச் சீல் வேட்டைக்காரர்களைப் பார்த்து, அவர்களில் ஒருவரைத் துணைக்குக் கூட்டிக்கொண்டுதான் மியூர் கிளேசியர் பேக்குள் நுழைந்தார். பின்னாளில் அந்த விரிகுடாவைக் 'கண்டுபிடித்தவர்' என்ற பெயர் மியூருக்கு வந்தது. வழிகாட்டி வழிகாட்டியாகவே நின்றுவிட்டார்.

1882 அக்டோபர் 26இல் அங்கூன் என்ற டிலிங்கிட் ஊரை அமெரிக்கக் கடற்படை குண்டு வீசி எரித்தது. காரணம் இதுதான். ஒரு வணிக நிறுவனத்தின் திமிங்கல வேட்டைப் படகில் வேலை செய்த டிலிங்கிட் மருத்துவப் பூசாரி, ஈட்டித் துப்பாக்கி வெடித்து இறந்துபோனார். டிலிங்கிட் முறைப்படி அவரது மக்கள் 200 கம்பளிப் போர்வை இழப்பீடு கேட்டார்கள். கடற்படை அதிகாரி, நீங்கள்தான் 400 போர்வை தர வேண்டும் என்று திருப்பிப் போட்டார். கொடுக்க முடியவில்லை. வீடுகளும் படகுகளும் குளிர்காலத்துக்குச் சேர்த்த உணவும் எரிந்தன. புகையில் ஆறு குழந்தைகள் இறந்ததாக அங்கூன் மக்கள் சொல்கிறார்கள். அந்தக் குளிர்காலத்துப் பசியில் எத்தனை பேர் போனார்கள் என்பதற்குக் கணக்கில்லை.

அடுத்த கோடை, 1883இல், 'ஐடஹோ' என்ற நீராவிக் கப்பல் சுற்றுலாப் பயணிகளோடு இதே கடலுக்கு வந்தது. கேப்டன் ஜேம்ஸ் கரோல் கப்பலைக் கிளேசியர் பேக்குள்ளேயே கொண்டுபோனார். அதில் வந்த எலைசா சிட்மோர் என்ற பத்திரிகையாளர் 1885இல் அலாஸ்காவைப் பற்றி எழுதிய புத்தகம் அடுத்து வந்தவர்களுக்கு வழிகாட்டி நூலாயிற்று. குண்டுவீச்சுக்கும் சுற்றுலாவுக்கும் நடுவில் ஒரு வருடம்கூட இல்லை. எரிந்த ஊரும், கூடை வாங்க வந்த பயணியும் ஒரே கடற்கரையில்!

1899

இன்றைய குரூஸ்டூரின் மாதிரி எப்போது வந்தது என்று கேட்டால் நான் 1899 என்பேன். அந்த வருடம் ரயில் முதலாளி எட்வர்ட் ஹாரிமன் 'ஜார்ஜ் டபிள்யூ. எல்டர்' என்ற கப்பலை எடுத்துக்கொண்டு, குடும்பம், விஞ்ஞானிகள், ஓவியர்கள், புகைப்படக்காரர்கள், வேலையாட்கள் என்று 126 பேரோடு சியாட்டிலிலிருந்து கிளம்பினார். மியூரும் கூட வந்தார். பின்னாளில் செவ்விந்தியர் புகைப்படங்களால் பேர்போன எட்வர்ட் கர்ட்டிஸும் இருந்தார். இரண்டு மாதப் பயணம். பனியாறு பார்த்தார்கள், ஹாரிமனுக்கு ஒரு கரடி கிடைத்தது. ஸ்காக்வேயில் இறங்கி, கட்டிமுடிக்காத வைட் பாஸ் ரயிலில் மலை உச்சிவரை போய்வந்தார்கள். கடல் பாதி, தரை பாதி. இன்றைய அட்டவணை அப்போதே தயார்.

இந்த ரயிலைப் பற்றி ஒரு பொறியாளனாகக் கொஞ்சம் சொல்லியே ஆக வேண்டும். தண்டவாள இடைவெளி 3 அடி, அதாவது 914 மில்லிமீட்டர். நம்ம மலாயா ரயிலின் ஒரு மீட்டரைவிடக் குறுகல். மலைச்சரிவில் எவ்வளவு குறைவாகப் பாறையை வெட்டுகிறோமோ அவ்வளவு லாபம், வளைவுகளையும் இறுக்கமாக வைக்கலாம். சுமார் 32 கிலோமீட்டருக்குள் 870 மீட்டர் உயரம் ஏறுகிறது. 1898 மே மாதம் வேலை தொடங்கி, 1899 பிப்ரவரியில் கணவாயைத் தொட்டு, 1900 ஜூலையில் வைட்ஹார்ஸ்வரை முடித்துவிட்டார்கள். அசுர வேகம். ஆனால் ரயில் முடிவதற்குள் குளோண்டைக் தங்க வேட்டையே ஓய்ந்துவிட்டது. பிறகு சுரங்கத் தாதுவைச் சுமந்து பிழைத்தது. சுரங்கம் மூடியதும் 1982இல் நின்றது. 1988இல் கப்பல் பயணிகளுக்காகவே மறுபடி ஓடத் தொடங்கியது.

இந்தக் கதையில் விட்டுப்போகிற ஒன்று உண்டு. தங்கம் தேடி ஆட்கள் வருவதற்கு முன், கடற்கரையிலிருந்து உள்நாட்டுக்குப் போகும் கணவாய் வழிகள் டிலிங்கிட் வணிகர்கள் கையில் இருந்தன. மீனெண்ணெய் மேலே போகும், தோல் கீழே வரும். அவர்கள் அனுமதியில்லாமல் யாரும் போக முடியாது. தங்க வேட்டையில் அந்த உரிமை கைநழுவி, கூலிக்குச் சுமை தூக்கும் வேலையாக மாறியது. ரயில் வந்ததும் சுமையும் போயிற்று.

ஹாரிமன் குழு திரும்பும் வழியில், ஜூலை மாதம், கேப் ஃபாக்ஸ் என்ற டிலிங்கிட் ஊரில் இறங்கியது. ஊரில் யாரும் இல்லை. டோட்டம் கம்பங்கள் வரிசையாக நின்றன. கைவிடப்பட்ட ஊர் என்று முடிவுகட்டி, கம்பங்களை அடியோடு சாய்த்துக் கப்பலில் ஏற்றினார்கள். வீடுகளுக்குள் இருந்தவற்றையும் அள்ளிக்கொண்டார்கள். அந்த ஊர்க்காரர்கள் காணாமல் போயிருக்கவில்லை. அம்மையில் நிறையப் பேரை இழந்த பிறகு, பள்ளிக்கூடமும் சர்ச்சும் இருந்த சாக்ஸ்மன் என்ற புதிய ஊருக்குக் குடிபெயர்ந்திருந்தார்கள். கம்பங்கள் அமெரிக்க அருங்காட்சியகங்களுக்குப் போயின. 2001இல்தான் வாரிசுகளிடம் திரும்பி வந்தன. ஆள் இல்லாத வீடு வேறு, சொந்தக்காரன் இல்லாத வீடு வேறு. விஞ்ஞானிகள் நிறைந்த ஒரு கப்பலுக்கு அந்த வித்தியாசம் தெரியவில்லை.

பனியாறு இருந்த இடம்

கிளேசியர் பே ஹூனா டிலிங்கிட் மக்களின் தாய்நிலம். அங்கே பனியாறு ஏறி வந்த கதையை அவர்கள் பாட்டும் சொல்லுமாக வைத்திருக்கிறார்கள். பூப்பெய்தித் தனித்து வைக்கப்பட்டிருந்த ஒரு பெண் பனியாற்றைக் கூப்பிட்டாள். அது வந்தது. ஊர் கிளம்பியபோது ஒருத்தி மட்டும் வீட்டோடு பனிக்குள் தங்கிவிட்டாள். அந்தப் பெண்ணே தங்கினாள் என்று சிலரும், அவளுக்குப் பதிலாக ஒரு கிழவி தங்கினாள் என்று சிலரும் சொல்வார்கள். நிலவியலாளர்கள் கணக்கும் இதோடு ஒத்துப்போகிறது. 1700களின் முதல் பாதியில் பனியாறு வேகமாக முன்னேறி விரிகுடாவை நிரப்பியது. 1794இல் வான்கூவரின் ஆட்கள் பார்த்தபோது வாசலிலேயே பனிச்சுவர். 1879இல் மியூர் வந்தபோது அது ஏறக்குறைய 60 கிலோமீட்டர் பின்வாங்கியிருந்தது. பனி விலக விலக ஹூனா மக்களும் திரும்பி வந்தார்கள். மீன், சீல், பெர்ரிப் பழம், கடற்புறா முட்டை எல்லாம் அங்கேதான். அந்த இடத்துக்கு அவர்கள் வைத்த பெயருக்கே 'பனியாறு இருந்த இடத்து விரிகுடா' என்று பொருள்.

1899 செப்டம்பரில் வந்த பெரிய நிலநடுக்கம் பனியாற்றின் முகத்தை உடைத்தது. மிதக்கும் பனிப்பாறைகள் வழியை அடைத்ததால் சுற்றுலாக் கப்பல்கள் பல வருடம் உள்ளே போக முடியவில்லை. 1925இல் அந்த இடம் தேசிய நினைவிடமாக அறிவிக்கப்பட்டது. அதற்காக வாதாடியவர்களில் முக்கியமானவர் வில்லியம் கூப்பர் என்ற தாவரவியலாளர். பனி விலகிய வெறும் பாறையில் பாசி வருவதும், புதர் வருவதும், மரம் வருவதும் அவருக்குக் கிடைத்தற்கரிய ஆய்வுக்கூடம். நல்ல அறிவியல்தான், குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பட்டியலில் பனி விலகியதும் திரும்பி வந்த மனிதர்களுக்கு இடமில்லை. போகப் போகச் சீல் வேட்டை நின்றது, முட்டை எடுப்பதும் குற்றமாயிற்று. பாட்டி காலத்திலிருந்து முட்டை எடுத்த தீவில் பேரன் கை வைத்தால் சட்டமீறல். அந்த முட்டைக்கு மறுபடி வழிவிடும் சட்டம் 2014இல்தான் வந்தது.

மலையும் கடலும்

கப்பலிலிருந்து இறங்கிப் பயணி ஏறும் அலாஸ்கா ரயில்பாதையை 1915இல் தொடங்கி அமெரிக்க அரசே கட்டியது. நிலக்கரியும் தங்கமும்தான் நோக்கம். 1923 ஜூலையில் அதிபர் ஹார்டிங் வந்து நெனானாவில் தங்க ஆணி அடித்தார். விட்டியர் துறைமுகமும் அதன் சுரங்கப்பாதையும் இரண்டாம் உலகப் போரில் ராணுவம் போட்டவை. டெனாலிப் பூங்கா 1917இல் 'மவுண்ட் மெக்கின்லி' என்ற பெயரில் தொடங்கியது. அந்த மலையோடு ஒரு சம்பந்தமும் இல்லாத அரசியல்வாதியின் பெயர். உள்ளூர் அத்தபாஸ்கன் மக்களுக்கு அது டெனாலி, 'உயர்ந்தது'. 2015இல் மலைக்கு அந்தப் பெயர் அதிகாரபூர்வமாகத் திரும்பியது. 2025இல் மறுபடி மெக்கின்லி ஆனது. பூங்காவின் பெயர் மட்டும் டெனாலியாகவே இருக்கிறது.

6,190 மீட்டர் உயரமுள்ள அந்தச் சிகரத்தில் முதலில் கால் வைத்தவர் வால்டர் ஹார்ப்பர். தாய்வழியில் அத்தபாஸ்கன். 1913 ஜூன் 7, அவருக்கு வயது இருபது. ஐந்து வருடம் கழித்துத் திருமணம் செய்து, மருத்துவம் படிக்கும் ஆசையோடு, புது மனைவியுடன் ஸ்காக்வேயில் 'பிரின்சஸ் சோஃபியா' கப்பலில் ஏறினார். 1918 அக்டோபர் 24இல் அது லின் கால்வாயில் ஒரு பாறைத்திட்டில் ஏறி நின்றது. மீட்க வந்த படகுகள் புயலில் நெருங்க முடியாமல் சுற்றிச் சுற்றிக் காத்திருந்தன. மறுநாள் கப்பல் மூழ்கியது. ஏறத்தாழ 350 பேர். ஒருவரும் பிழைக்கவில்லை. ஹார்ப்பரும் மனைவியும் ஜூனோவில் அடக்கமானார்கள். இன்று ஜூனோவிலிருந்து ஸ்காக்வே போகும் ஒவ்வொரு சொகுசுக் கப்பலும் அந்தக் கடலைத்தான் கடக்கிறது.

இப்போது யார் வீடு?

கடலையும் தரையையும் ஒரே டிக்கெட்டில் கோத்தவர் சக் வெஸ்ட். விமானியாக இருந்தவர். 1940களின் பிற்பகுதியில் ஃபேர்பேங்க்ஸில் தொடங்கிய அவரது தொழில் 'வெஸ்ட்டூர்ஸ்' ஆக வளர்ந்து, 1970களின் தொடக்கத்தில் ஹாலண்ட் அமெரிக்கா கப்பல் நிறுவனத்தின் கைக்குப் போனது. பயணம் வான்கூவரில் தொடங்குவதற்கும் காரணம் உண்டு. 1886ஆம் ஆண்டுச் சட்டப்படி, வெளிநாட்டில் கட்டிய கப்பல் ஒரு அமெரிக்கத் துறைமுகத்திலிருந்து இன்னொன்றுக்கு நேராகப் பயணிகளை ஏற்ற முடியாது. அதனால் கனடா.

அதே காலத்தில், 1971இல், எண்ணெய்க்குழாய் போட வழி வேண்டும் என்ற அவசரத்தில், பூர்வகுடிகளின் நில உரிமையைத் தீர்க்க அமெரிக்கா ஒரு சட்டம் கொண்டுவந்தது. 4.4 கோடி ஏக்கர், 96 கோடி டாலருக்கு மேல். ஆனால் நிலம் குலங்களுக்குப் போகவில்லை, பூர்வகுடிகள் பங்குதாரர்களாக இருக்கும் நிறுவனங்களுக்குப் போனது. அப்படி வந்ததுதான் ஹூனா டோட்டம் நிறுவனம். 1912இல் கட்டிய பழைய சால்மன் டப்பாத் தொழிற்சாலையைப் புதுப்பித்து, 2004இல் 'ஐசி ஸ்ட்ரெய்ட் பாயின்ட்' என்ற கப்பல்துறையைத் திறந்தது. மக்கள்தொகை ஆயிரத்தைத் தாண்டாத ஊருக்கு ஒரே நாளில் பல ஆயிரம் பேர் வந்து இறங்குகிறார்கள். வருமானம் ஊருக்குள் நிற்கிறது, இளைஞர்களுக்கு வேலை இருக்கிறது. இதைச் 'சுற்றுலா வியாபாரம்' என்று ஒதுக்கிவிடுவது நமக்குச் சுலபம். முட்டை எடுக்கக்கூட உரிமை இல்லாமல் இருந்தவர்கள், யார் வரலாம், எங்கே நடக்கலாம் என்று சொல்லும் இடத்துக்கு வந்திருக்கிறார்கள் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். கரையில் கூட்டம் தாங்காத சலிப்பும் உண்மைதான். 32,000 பேர் வாழும் ஜூனோ, 2026 முதல் கப்பல்களில் ஒரு நாளைக்கு 16,000 கட்டில், சனிக்கிழமை 12,000 என்று வரம்பு போட்டிருக்கிறது. சனிக்கிழமை கப்பலே வேண்டாம் என்ற தீர்மானம் 2024இல் வாக்கெடுப்பில் தோற்றது.

அங்கூன் எரிந்து 142 வருடம் கழித்து, 2024 அக்டோபர் 26இல், கடற்படை அந்த ஊருக்கே வந்து மன்னிப்புக் கேட்டது. 2016 ஆகஸ்டில் கிளேசியர் பேயின் பார்ட்லெட் கோவ் கரையில் ஹூனா மக்களின் குல வீடு திறக்கப்பட்டது. பனி தள்ளிய வீடுகளுக்குப் பிறகு அங்கே எழுந்த முதல் குல வீடு. மரம் குடைந்த படகுகளில் துடுப்புப் போட்டுத்தான் வந்து சேர்ந்தார்கள். ஒரு நாளைக்கு அதிகபட்சம் இரண்டு பெரிய கப்பல்கள்தான் விரிகுடாவுக்குள் வரலாம். அவை எங்கும் கரையணைவதில்லை. பார்ட்லெட் கோவைத் தாண்டி நேராகப் பனியாற்றை நோக்கிப் போகும். அலாஸ்கா போகிற அதிர்ஷ்டம் உங்களுக்கு வாய்த்தால், கப்பல் விரிகுடாவுக்குள் நுழையும்போதே தளத்துக்கு வந்துவிடுங்கள். பனி வரும்வரை காத்திருக்க வேண்டாம். அதற்கு முன்பே ஒரு வீடு இருக்கிறது.