சமஸ்கிருதமா, பாரசீகமா? ஃபர்ஸ்ட் குரூப்பா, தேர்ட் குரூப்பா?

பத்தாம் வகுப்பு முடிவு வந்த மறுநாளிலிருந்து கள்ளக்குறிச்சி, சங்கராபுரம், சின்னசேலம் பக்கம் எந்தச் சேரிக்குப் போனாலும் ஒரே கேள்விதான்: "எந்த குரூப் எடுக்கப் போற?" கல்வராயன் மலைக்கு ஏறினாலும் அதே கேள்வி. நம் பிள்ளைகளிடமிருந்து அதிகம் வரும் பதில், "அந்த ஸ்கூல்ல என்ன குரூப் இருக்கோ அதான்."

கேட்கிறவர்கள் இதைச் சாதாரணமாக எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள். ஆனால் இந்தப் பதிலுக்கு நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு இருக்கிறது. பள்ளிக்குள் நுழையும் உரிமை வேறு, விரும்பிய பாடத்தைப் படிக்கும் உரிமை வேறு. முதல் உரிமைக்காகப் போராடியவர்களை நாம் நினைவில் வைத்திருக்கிறோம். இரண்டாவது உரிமை எப்படிப் பறிக்கப்பட்டது என்பதை அவ்வளவாகப் பேசுவதில்லை. அதற்கு நம் கண்முன் இருக்கும் முதல் சாட்சி, பாபாசாகேப் அம்பேத்கரின் பள்ளிப் பருவம்.

எல்ஃபின்ஸ்டன் பள்ளியின் இரண்டு பாடங்கள்

அம்பேத்கர் பம்பாயில் படித்த எல்ஃபின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளி ஓர் அரசுப் பள்ளி. அன்றைய மெட்ரிகுலேஷன் முறையில் ஆங்கிலத்தோடு இரண்டாம் மொழியாக ஒரு செம்மொழியையும் படிக்க வேண்டும். பெரும்பாலான இந்து மாணவர்களின் முன்னால் இருந்தவை சமஸ்கிருதமும் பாரசீகமும். தந்தை ராம்ஜி சக்பால் ராணுவத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர். பிள்ளைகள் சமஸ்கிருதம் படிக்க வேண்டும் என்பது அவர் ஆசை. அம்பேத்கரின் விருப்பமும் அதுதான்.

முதலில் அண்ணன் கேட்டார். தீண்டப்படாத சாதிப் பையனுக்குச் சமஸ்கிருதம் சொல்லித்தர முடியாது என்று ஆசிரியர் மறுத்துவிட்டார். அடுத்து தம்பி பீமின் முறை வந்தபோதும் அதேதான் நடந்தது. வேறு வழியில்லாமல் அவர் பாரசீகம் எடுத்தார். பள்ளிப் பதிவேட்டைப் பார்க்கிறவருக்கு, ஒரு மாணவர் இரண்டு மொழிகளில் ஒன்றைத் 'தேர்வு செய்தார்' என்றுதான் தெரியும். மறுக்கப்பட்டது எந்தப் பதிவேட்டிலும் ஏறாது.

அதே பள்ளியில் நடந்த இன்னொரு சம்பவத்தை வாழ்க்கை வரலாற்றாசிரியர் தனஞ்செய் கீர் எழுதியிருக்கிறார். கணக்கு போட ஆசிரியர் அவரைக் கரும்பலகைக்கு அழைத்தார். உடனே மற்ற பையன்கள் பதறி ஓடி, பலகைக்குப் பின்னால் வைத்திருந்த தங்கள் சாப்பாட்டுப் பாத்திரங்களை எடுத்துக்கொண்டார்களாம். ஒரே வகுப்பு, ஒரே கரும்பலகை. ஆனாலும் கணக்குப் பாடம்கூட அவருக்கு மற்றவர்களுக்குக் கிடைத்தது போலக் கிடைக்கவில்லை.

கதவு திறந்தது, வகுப்பறை திறக்கவில்லை

அரசுப் பள்ளியில் இப்படி நடக்கலாமா, சட்டம் இல்லையா என்று கேட்கலாம். இருந்தது. 1856இல் தார்வாட்டில் ஒரு மகர் சிறுவன் அரசுப் பள்ளியில் சேர விண்ணப்பித்தான். அவனைச் சேர்த்தால் மற்ற பிள்ளைகள் விலகிவிடுவார்கள் என்று சொல்லி பம்பாய் அரசு அவனைச் சேர்க்கவில்லை. விவகாரம் லண்டன் வரை போனது. அரசின் பணத்தில் நடக்கும் பள்ளிகள் எல்லா வகுப்பாருக்கும் பொதுவானவை என்று 1858இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் இயக்குநர் குழு முடிவு சொன்னது. 1882இல் ஹண்டர் கல்விக் குழுவும் இதே கொள்கையை உறுதிசெய்தது. 1928இல் சைமன் குழுவுக்கு அளித்த அறிக்கையில் அம்பேத்கரே இந்த வரலாற்றை எடுத்து வைத்தார்.

ஆக, அவர் பள்ளிக்குப் போன காலத்தில் கொள்கையளவில் கதவு திறந்து அரை நூற்றாண்டு ஆகிவிட்டது. அந்தக் கொள்கை வாசலோடு நின்றுவிட்டது. வாசலில் தடுக்க முடியாத சாதி, பாட அட்டவணைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. வேதத்தைக் காதால் கேட்ட சூத்திரனுக்குத் தண்டனை சொன்ன தர்மசூத்திரங்களின் கட்டளை, இருபதாம் நூற்றாண்டு அரசுப் பள்ளியில் 'உனக்கு இந்தப் பாடம் கிடையாது' என்று உருமாறியிருந்தது.

"எல்லாம் நல்லதுக்குத்தான்" என்ற பொய்

இந்தக் கதையைக் கேட்டதும் சிலர் சொல்வார்கள்: "பாரசீகம் படிச்சும் அவர் அம்பேத்கர் ஆகலையா? திறமை இருந்தா எங்க வேணா முன்னேறலாம்."

உண்மைதான், அவர் நிற்கவில்லை. 1907இல் மெட்ரிகுலேஷன் தேறினார். பிறகு பரோடா மன்னர் சயாஜிராவ் கெய்க்வாடின் மாதம் 25 ரூபாய் உதவித்தொகையில் எல்ஃபின்ஸ்டன் கல்லூரியில் பட்டம் பெற்றார். 1913இல் கொலம்பியா பல்கலைக்கழகம் சென்றார். அங்கே 1916இல் மானுடவியல் கருத்தரங்கில் இந்தியாவின் சாதிகள் பற்றிக் கட்டுரை வாசித்தார். சமூகவியல் படிக்கிற எந்த மாணவரும் இன்றும் அதைத் தாண்டிப் போக முடியாது.

ஆனால் அவர் கொடுத்த விலையையும் கணக்கில் எடுக்க வேண்டும். வாழ்நாள் முழுக்க அவர் மோதியது சமஸ்கிருத நூல்களோடு. 1927 டிசம்பர் 25 அன்று மகத்தில் எரிக்கப்பட்ட மனுஸ்மிருதி சமஸ்கிருத நூல். 'சூத்திரர்கள் யார்?' என்ற ஆய்வுக்கு ஆதாரமான ரிக் வேதமும் பிராமணங்களும் சமஸ்கிருத நூல்கள். 1946இல் அந்தப் புத்தகம் வந்தபோது, சமஸ்கிருதம் அறியாத நீ இதை எழுதலாமா என்ற கேள்விக்கு முன்னுரையிலேயே அவர் பதில் சொல்ல வேண்டியிருந்தது. மொழிப்புலமை கொண்டாட முடியாது என்று ஒப்புக்கொண்டார். ஆங்கில மொழிபெயர்ப்புகள் வழியாகவே என்றாலும், 15 ஆண்டுகள் இந்த இலக்கியத்தைப் படித்திருக்கிறேன், அது போதும் என்று வாதாடினார்.

நடந்ததைப் பாருங்கள். பதின்ம வயதில் ஒரு பாடத்தை மறுத்தார்கள். அதே பாடம் தெரியாது என்று ஐம்பத்தைந்து வயதில் கேள்வி கேட்டார்கள். பாடம் மறுப்பதன் வேலையே இதுதான். முதலில் தகுதி பெறும் வழியை அடைப்பார்கள், பிறகு தகுதி இல்லை என்பார்கள். அம்பேத்கர் அதை முறியடித்தார் என்பது அவரின் பெருமை. மறுத்தவர்களுக்கு அதில் எந்தப் பெருமையும் இல்லை. முறியடிக்க முடியாமல் போன ஆயிரக்கணக்கானோரின் பெயர் நமக்குத் தெரியாது.

நம் பக்கத்துக் கதை

சென்னை மாகாணத்திலும் இதே இரண்டு படிகளைப் பார்க்கலாம். 1920களில் தொழிலாளர் துறை சேரிகளில் தனிப் பள்ளிகள் திறந்தது. பொதுப் பள்ளியில் நம் பிள்ளைகளை உட்காரவிடாத காலத்தில் அவை பெரிய உதவி. அந்தத் துறையின் வேலைதான் பின்னாளில் ஹரிஜன நலத்துறைக்கும், இன்றைய ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நலத்துறைக்கும் வந்து சேர்ந்தது. ஆனால் அவை பெரும்பாலும் தொடக்கப் பள்ளிகள். எழுத, படிக்க, கணக்குப் போட. அதற்கு மேல் என்ன என்பதற்கு அங்கே பதில் இல்லை.

1953இல் முதலமைச்சர் ராஜாஜி தொடக்கக் கல்வியில் ஒரு திட்டம் கொண்டுவந்தார். கிராமப் பிள்ளைகளுக்கு நாளில் பாதி நேரம் பள்ளி, மீதி நேரம் பெற்றோரின் தொழில். குலக்கல்வித் திட்டம் என்று பெயர் வாங்கி, பெரியாரும் திராவிட இயக்கத்தாரும் எதிர்த்துப் போராடி, 1954இல் காமராஜர் ஆட்சிக்கு வந்ததும் கைவிடப்பட்டது. அந்தத் திட்டமும் பள்ளிக் கதவை மூடவில்லை. உள்ளே வந்த பிள்ளை எதைக் கற்க வேண்டும் என்பதைப் பிறப்பை வைத்து முடிவு செய்தது.

இப்போது கல்வராயன் மலைக்கு வருவோம். மலையாளி பழங்குடி மக்கள் வாழும் இந்த மலை, 1976 வரை ஜாகிர்தார்களின் பிடியில் இருந்தது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்ததும் அதே 1976இல்தான். 1978இல் தமிழ்நாட்டில் பிளஸ் டூ முறை வந்தது. அதுவரை கல்லூரியில் பி.யு.சி.யாக இருந்த படிப்பு பள்ளிக்கு வந்து, குரூப் குரூப்பாகப் பிரிந்தது.

இந்த இரண்டு ஆண்டுகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பதினைந்து வயதுப் பிள்ளை தன் எதிர்காலத்துக்கான பாடத்தைத் தானே தேர்ந்தெடுக்க வேண்டும் என்று மாநிலம் சொன்னபோது, இந்த மலை ஜாகிரின் பிடியிலிருந்து விடுபட்டு இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்தன. சமவெளியில் மூன்று தலைமுறையாகப் பள்ளிக்குப் போன வீட்டுப் பிள்ளைக்கும், இந்த மலைப் பிள்ளைக்கும் ஒரே விண்ணப்பப் படிவம்.

குரூப் என்பது ஒருவழிப் பாதை

இளம் தோழர்கள் ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். குரூப்புகள் சமமான பாதைகள் அல்ல. அறிவியல் படித்தவர் பி.ஏ. வரலாறு போகலாம், பி.காம். போகலாம், சட்டம் போகலாம். வணிகவியல் படித்தவர் அப்படித் திரும்ப முடியாது. தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வின் பொதுப் பிரிவுக்குக் கணிதம், இயற்பியல், வேதியியல் வேண்டும். நீட் எழுதவும் பி.எஸ்சி. நர்சிங் சேரவும் இயற்பியல், வேதியியல், உயிரியல் வேண்டும். பிளஸ் டூ முடித்த பிறகு உயிரியலைக் கூடுதல் பாடமாகப் படித்தவரும் நீட் எழுதலாம் என்று 2023 நவம்பரில் தேசிய மருத்துவ ஆணையம் சொல்லியிருக்கிறது. அது சிலருக்கு உதவும். ஆனால் கூடுதலாக ஒரு வருடம் படிக்க வசதி யாரிடம் இருக்கிறது?

இட ஒதுக்கீட்டையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். 18 விழுக்காடு பட்டியல் சாதியினருக்கு, 1 விழுக்காடு பழங்குடியினருக்கு. 2020இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவத்தில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு வந்தது. 2021இல் அது பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகியவற்றுக்கும் விரிந்தது. எல்லாம் போராடிப் பெற்றவை. ஆனால் உயிரியல் குரூப் இல்லாத பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கு, மருத்துவத்தில் உள்ள 7.5 விழுக்காடும் பூஜ்யம்தான். குரூப் இருந்தும் வேதியியல் ஆசிரியர் பணியிடம் காலியாகக் கிடந்தால் அதுவும் பூஜ்யத்துக்குப் பக்கம்தான்.

2011 கணக்கெடுப்பின்படி, கள்ளக்குறிச்சி அப்போது சேர்ந்திருந்த விழுப்புரம் மாவட்டத்தில் பட்டியல் சாதியினர் 29 விழுக்காட்டுக்கும் மேல். மாநில சராசரி 20. 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆனது. 2024 ஜூனில் கருணாபுரத்தில் கள்ளச்சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தபோதுதான் நாடு இந்த ஊரைத் திரும்பிப் பார்த்தது. கல்வராயன் மலை என்றால் ஊறல் என்று எழுதினார்கள். ஊறல் போடுவதைத் தவிர வேறு வேலைக்கு என்ன பாடம் கொடுத்தோம் என்று கேட்டவர்கள் குறைவு.

எல்லோரும் டாக்டர், இன்ஜினியர் ஆக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நானே சமூகவியல் படித்தவன். வரலாறும் பொருளியலும் வணிகவியலும் மட்டமான பாடங்கள் அல்ல. அம்பேத்கரின் ஆயுதமே பொருளியலும் சட்டமும். பிடித்து எடுத்த தேர்ட் குரூப் பெருமை. "ஒனக்கெல்லாம் பயாலஜி எதுக்கு, பாஸ் ஆகுற குரூப்ல சேரு" என்று தள்ளப்பட்ட தேர்ட் குரூப், பாரசீக வகுப்பின் தொடர்ச்சி. அந்தப் பிள்ளைக்கு அறிவுரை சொல்கிறவர் சாதியின் பெயரைச் சொல்ல வேண்டியதே இல்லை. மதிப்பெண்ணைச் சொன்னால் போதும், பஸ் வசதியைச் சொன்னால் போதும்.

நாம் செய்யக்கூடியது

முதலில், கணக்கெடுங்கள். உங்கள் ஒன்றியத்தில் எத்தனை மேல்நிலைப் பள்ளிகள், எதில் என்ன குரூப், எந்தப் பாடத்துக்கு ஆசிரியர் இல்லை, எவ்வளவு காலமாக இல்லை. ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளுக்கும் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளுக்கும் இதையே கேளுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 இதற்குத்தான் இருக்கிறது. கிடைத்த பதிலைப் பள்ளி மேலாண்மைக் குழுவிலும் கிராம சபையிலும் வையுங்கள், தீர்மானமாக்குங்கள்.

இரண்டாவது, மே மாதம் வரை காத்திருக்காதீர்கள். ஒன்பதாம் வகுப்பிலேயே பிள்ளைகளிடம் குரூப் பற்றிப் பேசுங்கள். எந்தப் பாடம் எந்தக் கதவைத் திறக்கும், எதை மூடும் என்பது முதல் தலைமுறைப் பட்டதாரி வீட்டில் யாருக்கும் தெரியாது. பக்கத்து ஊர் விடுதியில் இடம் உண்டா என்பதும் அந்தப் பேச்சில் சேர வேண்டும். மலைப் பிள்ளைக்கு விடுதி இருந்தால்தான் குரூப்.

மூன்றாவதாக ஒரு பெயரைச் சொல்ல வேண்டும். அம்பேத்கருக்குச் சமஸ்கிருதம் மறுத்தவர் ஓர் ஆசிரியர். பூங்காவில் தனியாக உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்த அந்தப் பையனைக் கவனித்து, பேச்சுக் கொடுத்து, புத்தகம் கொடுத்தவரும் ஓர் ஆசிரியர்தான். கிருஷ்ணாஜி அர்ஜுன் கேளுஸ்கர். மெட்ரிகுலேஷன் தேறியதற்கு நடந்த பாராட்டு விழாவில் தான் எழுதிய புத்தர் வரலாற்றைப் பரிசளித்தவர் அவர். பரோடா மன்னரிடம் உதவித்தொகை கேட்டுப் பேசியவரும் அவரே.

சட்டம் திறந்த கதவுக்கு உள்ளே பையனை அழைத்துப் போக ஒரு மனிதர் தேவைப்பட்டார். கள்ளக்குறிச்சியின் சேரிகளிலும் வெள்ளிமலை, கரியாலூர், சேராப்பட்டு பக்கத்திலும் வரும் ஜூனில் அப்படி எத்தனை பேர் இருப்போம்? விண்ணப்பத்தை நிரப்பும்போது பக்கத்தில் உட்காருங்கள். 'எந்த குரூப்' என்று கேட்காதீர்கள். 'உனக்கு என்ன படிக்கணும்' என்று கேளுங்கள். அந்தப் பாடம் அந்தப் பள்ளியில் இல்லை என்றால், அது பிள்ளையின் பிரச்சினை அல்ல, நம் போராட்டம்.

ஜெய் பீம்.