தொடர்வாயிலின் ஒளிவிளக்கும் நிரல் மீளாய்வும்: ஒரு வரலாற்று நோக்கு

பொறிகளின் வரலாற்றை எழுதுவோர் பேருருவங்களையே பெரிதும் போற்றுவர். நீராவிப் பொறி, மின்பிறப்பாக்கி, கணினி என்பன அவ்வரலாற்றிலே தனித்தனி அத்தியாயங்கள் பெறுகின்றன. அவற்றின் முகப்பிலே மினுங்கும் சிறு விளக்குக்கோ ஒரு வரிதானும் கிடைப்பது அரிது. ஆயினும், பொறியினுள்ளே நிகழ்வதைக் காணவியலாத மனிதனுக்கு அச்சிறு விளக்கே சாட்சி. அச்சாட்சி பொய்யுரைப்பின் பழுதுபார்ப்போன் வழிதவறுவான். அளவுக்கு மிஞ்சி உண்மையுரைப்பின் மறைபொருள் வெளிப்பட்டுவிடும். இவ்விரு கேட்டுக்கும் இடையே அதனை நிறுத்துவது, விளக்கை இயக்கும் நிரலை எழுதியவனின் திறமை மட்டுமன்று. அந்நிரலைப் பிறர் ஆராய்ந்து திருத்தும் மீளாய்வு முறையுமாகும். ‘சீரியல் போர்ட்’ எனப்படும் தொடர்வாயிலின் விளக்கு இதற்குத் தக்கதோர் எடுத்துக்காட்டாகும்.

எழுத்தொன்றைக் குறிக்கும் மின்குறிகளை ஒன்றன்பின் ஒன்றாக ஒரே கம்பியில் அனுப்பும் முறை தந்தியின் காலத்தது. 1870களிலே பிரான்சு நாட்டவரான எமில் போடோ ஐந்து அலகுகளாலான குறிமுறையொன்றை அமைத்தார். குறிகள் செல்லும் வேகத்தை அளக்கும் ‘போட்’ என்னும் அலகு அவர் பெயராலேயே வழங்குகின்றது. பின்னர், 1960இல் அமெரிக்காவின் மின்னணுக் கைத்தொழிற் சங்கம் ஆர்.எஸ்.-232 என்னும் நியமத்தை வெளியிட்டது. தரவை அனுப்பும் கம்பி, பெறும் கம்பி என்பவற்றோடு, மறுமுனை ஆயத்தமாயுள்ளதா, தொலைவிலிருந்து காவியலை வருகின்றதா என்பவற்றை அறிவிக்கும் கம்பிகளும் அதிலே வரையறுக்கப்பட்டன. இன்று வழங்கும் தொடர்வாயில் அந்நியமத்தின் வழிவந்ததேயாம்.

1962ஆம் ஆண்டு இவ்வரலாற்றில் இருவகையாற் சிறப்புடையது. செக்கனுக்கு 300 பிற் வேகத்தில் தொலைபேசிக் கம்பிவழி தரவை அனுப்பிய பெல் 103 மொடெம் அவ்வாண்டிலே வெளிவந்தது. அவ்வாண்டிலேயே ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் நிக் ஹொலொனியாக் கட்புலனாகும் சிவப்பொளி தரும் ஒளிகாலும் இருவாயியை ஆக்கினார். எல்.ஈ.டி. எனப்படுவது இதுவே. தந்தியின் வாரிசும் விளக்கும் பின்னர் ஒரே பெட்டியிற் குடிபுகுந்தன. 1981இல் வெளிவந்த ஹேய்ஸ் ஸ்மார்ட்மொடெத்தின் முகப்பிலே, தரவு போகின்றதையும் வருகின்றதையும் தனித்தனி காட்டும் சிறு விளக்குகள் வரிசையாக அமைந்திருந்தன. இணைப்பு அறுந்ததோ, மறுமுனை மௌனமாயிற்றோ என்பதைப் பயன்படுத்துவோர் அவற்றைப் பார்த்தே அறிந்தனர்.

அவ்விளக்குகளின் உண்மையுரைக்கும் பண்பே ஆபத்தாகவும் முடியலாம் என்பது நெடுங்காலம் கருதப்படவில்லை. ஜோ லௌரி, டேவிட் அம்ப்ரெஸ் ஆகிய இருவரும் 2002இல் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரை இதனைத் தெளிவாக்கிற்று. அவர்கள் விளக்குகளை மூவகையாகப் பிரித்தனர். கருவியின் நிலையை மட்டும் காட்டுவது முதல்வகை; செயற்பாட்டின் மிகுதி குறைவைக் காட்டுவது இரண்டாம் வகை; செல்லும் தரவின் ஒவ்வொரு பிற்றுக்கும் ஏற்ப ஒளிர்ந்து அணைவது மூன்றாம் வகை. ஒளிகாலும் இருவாயி மிகவிரைவில் ஒளிரவும் அணையவும் வல்லது. ஆகவே, கண்ணுக்கு வெறும் மினுக்கமாகத் தோன்றும் ஒளியைத் தொலைவிலிருந்து ஒளியுணர் கருவியாற் பற்றி, கம்பியிற் சென்ற செய்தியையே மீட்டல் கூடும் என அவர்கள் பரிசோதனையாற் காட்டினர்.

விளக்கை நேரே கம்பியோடு இணைத்த காலத்தில் அதன் ஒழுக்கம் மின்சுற்றின் அமைப்பைப் பொறுத்திருந்தது. விளக்கை நிரல் ஆளத் தொடங்கியபின் பொறுப்பு நிரலுக்கு மாறிற்று. 1991இல் ஹெல்சிங்கி மாணவரான லைனஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ் இயங்குதளம், மொடெம் வழியாகப் பல்கலைக்கழகக் கணினியோடு தொடர்புகொள்ள அவர் எழுதிய முனைய நிரலிலிருந்து வளர்ந்தது. அவ்வகையில் தொடர்வாயில் அதன் தொட்டிலுக்கு அண்மையது. 2006இல் றிச்சர்ட் பர்டி எழுதிய விளக்குப் பகுதி அதனுட் சேர்ந்தது. எந்நிகழ்ச்சிக்கு எவ்விளக்கு எரியவேண்டும் என்பதை வரையறுக்கும் ‘தூண்டி’ என்னும் கருத்தும் அதனோடு வந்தது.

நிரலைப் பிறர் முறையாக ஆராயும் வழக்கத்துக்கு, ஐ.பி.எம். நிறுவனத்தின் மைக்கேல் ஃபேகன் 1976இல் வெளியிட்ட கட்டுரை வழிகோலியது. அவர் வகுத்தது ஒரே மேசையைச் சூழ்ந்திருந்து ஆராயும் முறை. லினக்ஸிலோ திருத்தம் ஒவ்வொன்றும் யாவரும் காணும் அஞ்சலாக அனுப்பப்பட்டு, புலவர் அவையிலே நூல் அரங்கேறுவது போல, தடைவிடைகளைக் கடந்தே ஏற்கப்படும். எழுதியவர் தம் பெயரை ஒப்பமாக இட்டுப் பொறுப்பேற்கும் விதியும் 2004 முதல் உண்டு.

தொடர்வாயிலுக்கெனத் தூண்டியொன்றை ஊவ கிளைன கோனிக் எழுதினார். அதுவும் ஒரே முறையில் ஏற்கப்படாது, பன்முறை திருத்தப்பட்டே லினக்ஸிற் சேர்ந்தது. தரவு வரும் கணத்திலேயே விளக்கை ஏற்றுவது எளிதெனத் தோன்றும். ஆனால் தரவைக் கையாளும் அவ்விடத்தில் நிரல் காத்துநிற்றல் ஆகாது; விளக்கோ மந்தமான வேறொரு கம்பியின் மறுமுனையில் இருக்கக்கூடும். விளக்குக்காகத் தரவு காத்துநின்றால் எழுத்துகள் தவறிப்போம். ஆதலால் அத்தூண்டி தரவின் பாதையைத் தொடாது, 100 மில்லிசெக்கனுக்கு ஒருமுறை தொடர்வாயிலின் எண்ணிகளை நோக்குகின்றது. எண் மாறியிருப்பின் விளக்கு எரியும், மாறாதிருப்பின் அணையும்.

இவ்வமைப்பால் மற்றுமொரு நன்மையும் விளைகின்றது. 9600 போட் வேகத்தில் ஒரு பிற்றின் காலம் ஏறக்குறைய 104 மைக்கிரோசெக்கன். ஆகவே விளக்கின் ஒரு மினுக்கத்துள் 960 பிற்றுகள், அதாவது ஏறத்தாழ 96 எழுத்துகள், அடங்கிவிடுகின்றன. போக்குவரத்து உண்டு என்பதை விளக்குச் சொல்லும். சென்ற செய்தி இன்னதென்பதைச் சொல்லாது. மூன்றாம் வகைச் சாட்சி இரண்டாம் வகையில் அடங்கிற்று.

இத்தகைய நிரலை மீளாய்வோர் வினவவேண்டியவை சில உள. எண்ணிகளை நோக்கிக்கொண்டிருக்கும்போதே வாயிலின் பெயர் மாற்றப்படின் யாது நிகழும்? தூண்டி நீக்கப்படும்போது, அடுத்த நோக்குக்கெனக் குறித்த வேலை நிறுத்தப்பட்ட பின்னரே நினைவகம் விடுவிக்கப்படுகின்றதா? வாயில் அகற்றப்பட்ட பின்பும் விளக்கு எரிந்து பொய்யுரைக்குமா? முதலிரண்டு வினாக்களைப் புறக்கணித்தால், ஒரு விளக்கின் பொருட்டு முழுப்பொறியும் வீழ்தல் கூடும். மூன்றாவதைப் புறக்கணித்தால் விளக்கை நம்புவோர் ஏமாறுவர்.

விளக்கு சிறிதாயினும் அதன்மீது வைக்கப்படும் நம்பிக்கை சிறிதன்று. எழுதியவன் தன் நோக்கத்தையே நிரலிற் காண்பான். அது செய்வதைப் பிறன் கண்ணே காணும். உரைக்க வேண்டியதை உரைத்து, மறைக்க வேண்டியதை மறைத்து நிற்கும் சாட்சியாக விளக்கை ஆக்குவது அப்பிறன் கண்ணேயாம்.