மெகாவாட் கணக்கில் இடம்பெறாத சாணம்: பாலக்காடு, இடுக்கி எல்லைப்புறங்களின் எரிபொருள் வரலாறு

கேரளத்தின் ஆற்றல் வரலாறு பெரும்பாலும் அணைகளின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. 1940இல் மூணாறு அருகே பள்ளிவாசல் நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. 1976இல் இடுக்கித் திட்டம் வந்தது. அதன் முழுத் திறன் 780 மெகாவாட். பாலக்காடு மாவட்டத்தின் குந்திப்புழாவில் திட்டமிடப்பட்ட அணையோ பெரும் எதிர்ப்புக்குப் பின் கைவிடப்பட்டு, 1984இல் அமைதிப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. கட்டப்பட்ட அணை ஒரு மாவட்டத்திலும் கட்டப்படாத அணை மற்றொன்றிலும் அமைய, இவ்விரு பெயர்களும் வரலாற்றை நிறைத்துக்கொண்டன. எனினும், அதே காலத்தில் இம்மாவட்டங்களின் வீடுகளில் உலை கொதித்தது விறகாலும் தென்னை மட்டையாலும் சருகாலும்தான். அந்த அடுப்பின் வரலாற்றில் சாணத்துக்குத் தனி இடம் உண்டு.

சாணத்திலிருந்து எரிவாயு எடுக்கும் முயற்சி இந்தியாவுக்குப் புதிதன்று. 1897இல் பம்பாய் மாட்டுங்கா தொழுநோய் இல்லத்தில் மனிதக் கழிவிலிருந்து வாயு பெற்று விளக்கெரித்தனர். 1939இல் தில்லியின் வேளாண் ஆய்வு நிறுவனத்தில் எஸ்.வி. தேசாய் மாட்டுச் சாணத்தைக் கொண்டு சோதனைகளைத் தொடங்கினார். 1951இல் ஜஷ்பாய் படேல் மிதக்கும் உருளை கொண்ட கலனை வடிவமைத்தார். 1960களில் காதி கிராமத் தொழில் ஆணையம் அதனைப் பரப்பத் தொடங்கியது. காந்தியர் இதில் ஆர்வம் காட்டியதற்குக் காரணம் உண்டு. மண்ணிலிருந்து எடுத்ததை மண்ணுக்கே திருப்ப வேண்டும் என்பது தஞ்சையில் பிறந்த ஜே.சி. குமரப்பா போன்றோரின் பொருளியல். வறட்டியாக எரிக்கப்படும் சாணம் வயலுக்குத் திரும்புவதில்லை. கலனுக்குள் சென்ற சாணமோ மீத்தேனை அடுப்புக்குக் கொடுத்துவிட்டு, தழைச்சத்தைத் தக்கவைத்த குழம்பாக வெளியேறுகிறது. நெருப்பும் எருவும் ஒரே சாணத்திலிருந்து கிடைக்கின்றன.

ஆனால் அதற்கு முதலில் சாணம் ஓரிடத்தில் சேர வேண்டும். மேய்ச்சல் மாடு பகலில் இடும் சாணம் காட்டிலும் கரட்டிலும் சிதறிவிடும். இரவில் கட்டுத்தறியில் விழுவது மட்டுமே கைக்குக் கிடைக்கும். இந்நிலையை மாற்றியது பால் கொள்கை. 1963இல் இந்திய – சுவிஸ் ஒத்துழைப்பில் மூணாறு அருகே மாட்டுப்பட்டியில் கலப்பின ஆய்வுப் பண்ணை தொடங்கியது. பிரவுன் சுவிஸ் காளைகளையும் உள்ளூர்ப் பசுக்களையும் கொண்டு 'சுனந்தினி' இனம் உருவாக்கப்பட்டது. பாலக்காட்டின் தோணிப் பண்ணையும் இக்கலப்பின முயற்சியின் ஒரு மையமாயிற்று. கலப்பினப் பசுவைத் தொழுவத்தில் கட்டித் தீனி போட வேண்டும். பாலுக்காகச் செய்த இம்மாற்றம், கோபர் கேஸுக்கு வேண்டிய சாணத்தையும் வீட்டு வாசலிலேயே சேர்த்துக் கொடுத்தது. சாண எரிவாயுவின் முன்வரலாற்றை அடுப்பிலன்றித் தொழுவத்தில் தேடுவதே பொருத்தம்.

கலன் ஒன்றாயினும் நிலம் ஒன்றன்று. மீத்தேனை உண்டாக்கும் நுண்ணுயிர்கள் ஏறத்தாழ 35 பாகை செல்சியசில் நன்கு இயங்கும். 15 பாகைக்குக் கீழே வாயு உற்பத்தி வெகுவாகக் குறையும். கணவாயின் வெப்பக் காற்று வீசும் சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பகுதிகள் கலனுக்கு ஏற்றவை. மார்கழி, தை இரவுகளில் உறைபனி படியும் மூணாற்றில் அதே சாணம் மெதுவாகவே புளிக்கும். இந்தியக் கலன் வடிவமைப்பில் வெப்பப் பகுதிக்கு 30 நாள், குளிர்மலைக்கு 55 நாள் என்ற கணக்கு இதனால் எழுந்தது. நாள் கூடினால் குழி பெரிதாகும். குழி பெரிதானால் செலவும் கூடும்.

தட்பவெப்பத்தைவிடக் கடினமான எல்லை உடைமை. ஒரு கன மீட்டர் வாயுவுக்கு நாளொன்றுக்குச் சுமார் 25 கிலோ சாணம் வேண்டும். ஒரு குடும்பத்தின் சமையலுக்கு ஏறத்தாழ இரண்டு கன மீட்டர் தேவை. அதற்கு நான்கைந்து மாடுகள் இருக்க வேண்டும். 1970இல் நடைமுறைக்கு வந்த நிலச் சீர்திருத்தம் ஊராட்சிப் பகுதிகளின் குடிகிடப்புக்காரருக்கு 10 சென்ட் வரை உரிமை தந்தது. அது பெரும் மாற்றம்தான். ஆயினும் 10 சென்டில் வீடும் ஒற்றைப் பசுவும் கலனும் ஒருங்கே அமைவது அரிது. மூணாற்றின் தமிழ்த் தோட்டத் தொழிலாளருக்கு லயமும் சொந்தமில்லை, லயத்தைச் சுற்றிய மண்ணும் சொந்தமில்லை. அவர்களுடைய அடுப்பு கம்பெனியின் யூகலிப்டஸ் விறகை நம்பியிருந்தது. மானியம் எவ்வளவு தாராளமாக இருந்தாலும், மாடும் மனையும் உள்ளவரையே அது எட்டியது.

இந்த இடைவெளியை நோக்கியே இன்னொரு முயற்சி எழுந்தது. அமைதிப் பள்ளத்தாக்கு விவாதத்தில் முன்னின்ற கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத், 1979இல் அத்திட்டம் பற்றிய மதிப்பீட்டு அறிக்கையை வெளியிட்டது. அணை வேண்டாம் என்றோர் ஆற்றலுக்கு என்ன வழி என்ற கேள்விக்கும் விடை சொல்ல வேண்டியிருந்தது. 1980களின் தொடக்கத்தில் பரிஷத் பரப்பிய புகை குறைந்த விறகடுப்பு அவ்விடைகளுள் ஒன்று. மாடில்லாத வீட்டுக்கும் அது பொருந்தியது. 1987இல் பாலக்காட்டின் முண்டூரில் பரிஷத் நிறுவிய ஊரகத் தொழில்நுட்ப மையம், அடுப்பு, உயிர்வாயுக் கலன், கழிவு மேலாண்மை ஆகியவற்றை ஒரே ஆய்வுக் களமாக்கியது.

பொதுக்கலன் இதற்குத் தீர்வாகுமா என்பதற்குக் கர்நாடகத்தின் புரா கிராமம் சான்று. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் 'அஸ்திரா' குழு, ஏ.கே.என். ரெட்டியின் வழிகாட்டலில் அங்கே சமூகக் கலன் அமைத்தது. ஊர் முழுவதும் சமைக்கச் சாணம் போதவில்லை. முதல் முயற்சி தோற்றது. 1987இல் அதே வாயுவால் மின்சாரம் எடுத்து, ஆழ்குழாய் நீரை வீடுகளுக்கு ஏற்றியபோது திட்டம் நிலைத்தது. சாணம் கொண்டுவந்தவருக்கு எடைக்கேற்பப் பணமும் கிடைத்தது. மாடில்லாதவருக்கும் தண்ணீர் கிடைத்தது.

எல்லைப்புறத்தில் சாணத்துக்கு விலை என்பது பழைய செய்தி. தேனி மாவட்டத்து மலைமாட்டுக் கிடைகளின் எரு, இடுக்கியின் ஏலத் தோட்டங்களுக்கு மலையேறிச் செல்கிறது. பொள்ளாச்சிச் சந்தையின் மாடுகள் பாலக்காட்டுக்குள் இறங்குகின்றன. இவ்வாறு விலை பெற்ற பொருளைக் கலனுக்குள் இடும்போது, அதுவரை வழியில் பொறுக்கியெடுத்தோரின் வழக்குரிமை என்னவாகும் என்ற கேள்வி 1970களிலேயே இந்திய ஆய்வாளரிடையே எழுந்தது. கலன் சாணத்தை வளமாக்கியது. அதனாலேயே அதற்கு உடைமையாளரையும் உறுதிப்படுத்தியது.

2018இல் நடுவண் அரசு கோபர்தன் திட்டத்தையும், அழுத்தப்பட்ட உயிர்வாயுவுக்கான சதத் திட்டத்தையும் அறிவித்தது. சாணம் மீண்டும் கொள்கை ஆவணங்களில் இடம்பெறுகிறது. இம்முறை டன் கணக்கில். பாலக்காடு, இடுக்கி எல்லைப்புறங்களின் வரலாறு இக்கணக்குக்கு ஒரு திருத்தம் சொல்கிறது. எத்தனை டன் சாணம் கிடைக்கும் என்பதோடு, அது யாருடைய தொழுவத்தில் விழுகிறது, எவருடைய அடுப்பில் எரிகிறது, குழம்பு எவருடைய நிலத்துக்குத் திரும்புகிறது என்பனவும் எழுதப்பட வேண்டும். கால்நடைக் கணக்கெடுப்பையும் நிலப் பதிவேட்டையும் அருகருகே வைத்துப் படிக்கும் ஆய்வாளருக்கே ஆற்றல் வரலாற்றின் இப்பகுதி புலப்படும்.