லைப்ஸிக்கிலிருந்து லக்ஸம்பர்க் வரை

1834-ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதி, பிரஷ்யாவும் வேறு பல ஜெர்மானிய ராஜ்யங்களும் சேர்ந்து அமைத்த சுங்க ஐக்கியம் அமலுக்கு வந்தபோது, அதுவரை எல்லைக்கு எல்லை நிறுத்தப்பட்டுத் தீர்வை கட்டிவந்த சரக்கு வண்டிகள் தங்குதடையின்றி ஓடலாயின. ஆனால் அந்தச் சரக்கை விற்றவனுக்கும் வாங்கியவனுக்கும் இடையே வழக்கென்று ஒன்று மூண்டுவிட்டால், அதைத் தீர்க்க வேண்டிய சட்டம் மட்டும் பழைய எல்லைகளைவிட்டு ஓரடியும் நகராமல் இருந்தது. பிரஷ்யாவின் பெரும்பகுதியில் 1794-ஆம் வருஷத்துச் சட்டத் தொகுதி. ரைன் நதியின் மேற்குக் கரையில் நெப்போலியன் விட்டுச் சென்ற பிரெஞ்சுச் சட்டம். பாடனில் அதையே தழுவிச் செய்துகொண்ட தனிச் சட்டம். ஹனோவர் போன்ற இடங்களில் ஜஸ்டினியன் சக்கரவர்த்தி தொகுப்பித்த ரோமானிய நியாய சாஸ்திரம்.

ஜெர்மானியர் அனைவருக்கும் ஒரே சிவில் சட்டம் வேண்டுமென்று ஹைடல்பர்க் பேராசிரியர் திபோ 1814-லேயே எழுதினார். சட்டம் ஜனங்களின் வாழ்க்கையிலிருந்து தானே வளர வேண்டியது, சபை கூடிச் சிருஷ்டிக்கத் தக்கதன்று என்று பெர்லினிலிருந்த சாவின்யி அதே ஆண்டில் மறுத்தார். பண்டிதர்களிடையே சாவின்யியின் கட்சியே ஓங்கியது.

வியாபாரிகளுக்கோ அந்த வாதத்தின் முடிவுவரை காத்திருக்க அவகாசமில்லை. ஓர் ஊரில் எழுதப்பட்டு, வேறோர் ஊரில் ஏற்றுக்கொள்ளப்பட்டு, கை மாறிக் கை மாறி மூன்றாவதோர் ஊரில் பணமாகிற உண்டியல் என்ற மாற்றுச்சீட்டுக்கு ஊருக்கு ஊர் வேறு சட்டம் இருந்தால், அதைக் கையில் வைத்திருப்பவன் எந்த நியாயஸ்தலத்தில் தன் பணத்தைக் கேட்பான்? ஆகவே 1847-ல் லைப்ஸிக் நகரில் பல ராஜ்யங்களின் பிரதிநிதிகள் கூடி உண்டியல்களுக்கென்று ஒரு பொதுச் சட்டத்தை வகுத்தார்கள். மறு ஆண்டு அது பிரசுரமாயிற்று. பிறகு 1857-ல் நியூரம்பர்க் நகரில் மற்றொரு மகாநாடு தொடங்கி, நான்கு ஆண்டுகள் உழைத்துப் பொது வணிகச் சட்டத்தை உருவாக்கி முடித்தது. அக்காலத்து ஜெர்மானிய மண்டலத்தில் எல்லா ராஜ்யங்களுக்கும் பொதுவான சட்டசபை கிடையாதாகையால், ஒவ்வொரு ராஜ்யமும் அதே வாசகத்தைத் தன் சொந்தச் சட்டமாகத் தானே நிறைவேற்றிக்கொள்ள வேண்டியிருந்தது.

இங்கேதான் இச்சரித்திரத்தின் உயிர்நிலை இருக்கிறது. எழுத்துக்கு எழுத்து ஒன்றாகவே இருந்த சட்டத்தை, ஒரு ராஜ்யத்தின் உயர்ந்த நீதிமன்றம் ஒருவிதமாகவும் அடுத்த ராஜ்யத்தின் நீதிமன்றம் மற்றொருவிதமாகவும் வியாக்கியானம் செய்யத் தொடங்கவே, பத்துப் பதின்மூன்று ஆண்டுகளுக்குள் உண்டியல் சட்டத்தில் எழுந்துவிட்ட சந்தேகங்களைத் தீர்ப்பதற்கென்று நியூரம்பர்க் மகாநாட்டினர் தனியே சில விதிகளை இயற்ற நேர்ந்தது. வாசகத்தை ஒன்றாக்குவது பாதி வேலை. அதை வாசிக்கும் கண்களை ஒன்றாக்குவதே கடினமான மறுபாதி என்பதை அவர்கள் அனுபவத்தில் கண்டார்கள். வட ஜெர்மானியக் கூட்டரசு 1869-ல் சட்டமியற்றி, வணிக வழக்குகளுக்கு மட்டுமான ஒரு மேல்நீதிமன்றத்தைச் சந்தைகளுக்குப் பெயர்போன லைப்ஸிக்கில் ஸ்தாபித்தது. பிரான்ஸோடு யுத்தம் மூண்ட சில வாரங்களுக்குள், 1870 ஆகஸ்டில், அது தன் பணியைத் தொடங்கிற்று. அதன் தலைவரான பாப்பேதான், ஜெர்மானியருக்குப் பொதுவான சிவில் சட்டத்தை வகுக்க 1874-ல் அமைந்த குழுவுக்கும் தலைமை வகித்தார் என்பது தற்செயலாக நேர்ந்ததென்று எனக்குத் தோன்றவில்லை. அக்குழு தொடங்கிய வேலையின் பலனாக, 2,385 பிரிவுகள் கொண்ட ஜெர்மானிய சிவில் சட்டம் 1900 ஜனவரி முதல் தேதி நடைமுறைக்கு வந்தது.

இருபதாம் நூற்றாண்டு முடிவதற்குள்ளாகவே அதே சட்டம் இன்னொரு பெரிய ஐக்கியத்துக்குள் நுழைந்தது. 1957-ஆம் ஆண்டு ரோமாபுரி உடன்படிக்கையின்படி அமைந்த ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்துக்கு லக்ஸம்பர்க்கில் ஒரு நீதிமன்றம் இருந்தது. லைப்ஸிக் நீதிமன்றத்தைப் போல் அது உள்நாட்டு நீதிமன்றங்களிலிருந்து வரும் அப்பீல் வழக்குகளைத் தானே தீர்க்கவில்லை. உள்நாட்டு நீதிபதி தம்முன் உள்ள வழக்கை நிறுத்திவைத்து, சமூகத்தின் சட்டத்துக்குப் பொருள் யாது என்று கேட்டெழுதினால், அதற்கு விடை மட்டும் கூறிற்று. இந்த அடக்கமான ஏற்பாடு எவ்வளவு தூரம் சென்றது என்பதை 1984-ல் வந்த ஒரு தீர்ப்பு காட்டிற்று. ஆண் கைதிகளின் சிறையொன்றில் வேலைக்கு மனுச் செய்து, பெண்கள் என்ற காரணத்தால் தள்ளப்பட்ட இருவரில் ஒருவருக்கு, ஜெர்மானிய சிவில் சட்டத்தின்படி கிடைக்கக்கூடிய நஷ்டஈடு, மனுவை ஒட்டி ஏற்பட்ட வழிச்செலவான 7 மார்க் 20 பெனிக் மட்டுமே என்று தோன்றியது. ஐரோப்பியச் சமூகம் ஆண்-பெண் சமத்துவத்தைக் கட்டளையிட்டிருக்க, அதை மீறுவோர்க்கு இவ்வளவு அற்பமான தண்டம் விதிப்பது கட்டளையையே வெறுமையாக்குவதாகும் என்பது லக்ஸம்பர்க்கின் கருத்து. உள்நாட்டு நீதிபதி தம் நாட்டுச் சட்டத்தை ஐரோப்பியக் கட்டளையின் வாசகத்துக்கும் நோக்கத்துக்கும் இசைய வியாக்கியானம் செய்யக் கடமைப்பட்டவர் என்று அது விதித்தது.

இசைய வியாக்கியானம் செய்வதற்கு எல்லை எது? அதற்கு விடை ஒரு சமையலறையிலிருந்து வந்தது. 2002 ஆகஸ்டில் அஞ்சல்வழி வணிக நிறுவனம் ஒன்றிடம் ஒரு பெண்மணி 524.90 யூரோ கொடுத்து அடுப்பும் ஓவனும் சேர்ந்த சாதனமொன்றை வாங்கினார். 2004-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஓவனின் உட்புறத்து எனாமல் பெயர்ந்தது. பழுதுபார்க்க இயலாதாகையால் நிறுவனம் வேறொன்று கொடுத்தது; கொடுத்துவிட்டு, பழையதை இதுவரை உபயோகித்ததற்காக 69.97 யூரோ வாங்கிக்கொண்டது. சிவில் சட்டத்தின் வாசகம் அதற்கு இடங்கொடுத்தது. சட்டத்தை இயற்றியவர்களும் அப்படியே கருதியிருந்தார்கள். ஆயினும் மாற்றுப் பொருள் தருவது இலவசமாகவே இருக்க வேண்டுமென்று 1999-ஆம் ஆண்டு ஐரோப்பியக் கட்டளை கூறியது. கார்ல்ஸ்ரூஹேயில் உள்ள மத்திய உச்ச நீதிமன்றம் லக்ஸம்பர்க்கைக் கேட்டு, 2008 ஏப்ரலில் விடை பெற்று, அவ்வாண்டு நவம்பரில், கட்டளைக்கு இணங்கவே சட்டமியற்றுவதாகப் பார்லிமெண்ட் எண்ணியிருந்த காரணத்தால் சட்டத்தில் ஒரு மறைந்த குறை இருக்கிறதென்று கண்டு, வாசகத்தின் வீச்சைக் குறுக்கித் தீர்ப்பளித்தது.

எழுதப்பட்ட சொல்லைத் தாண்டுவது நீதிபதிக்குத் தகுமா என்ற ஆட்சேபம் அப்போது எழுந்தது. அதை நான் லேசாக மதிக்கவில்லை. ஆனால் பொதுச் சட்டமென்று ஒன்றை ஒப்புக்கொண்ட பிறகு, அதன் பலன் நாட்டுக்கு நாடு மாறாமல் காப்பதும் நீதிபதியின் தர்மமே என்பது என் துணிபு. 69.97 யூரோவையும் திருப்பித் தர வேண்டுமென்பது உறுதியாயிற்று. பார்லிமெண்டும் அந்த டிசம்பரிலேயே சட்டத்தைத் திருத்தி, இத்தகைய கட்டணத்தை நுகர்வோரிடம் கேட்கலாகாது என்று எழுதிவைத்தது.