வானதியின் ஊர் கொடும்பாளூர்: மூவர் கோயிலில் மூன்றாவது கோயில் எங்கே?

திருச்சியிலிருந்து மதுரைக்கு நான்குவழிச் சாலையில் போகிறவர்கள், விராலிமலையைத் தாண்டியதும் கொடும்பாளூரைப் பெரும்பாலும் கவனிக்காமலேயே கடந்துவிடுகிறார்கள். புதுக்கோட்டை மாவட்டத்தில் இருக்கும் இந்தச் சின்ன ஊரை, 'பொன்னியின் செல்வன்' படித்தவங்க மறந்திருக்க மாட்டாங்க. கொடும்பாளூர் இளவரசி வானதியின் ஊர் இதுதான்.

சோழர் காலத்தில் இது இருக்குவேள் எனப்படும் வேளிர் குலத்தின் தலைநகரம். சோழ அரச குடும்பத்துடன் பெண் கொடுத்து, பெண் எடுத்த குலம் இது. நாயன்மார் 63 பேரில் ஒருவரான இடங்கழி நாயனாரும் இந்த ஊர்தான். அதற்கும் முன்பே, உறையூரிலிருந்து மதுரைக்குப் போகும் பாதை கொடும்பையில் மூன்றாகப் பிரிவதாகச் சிலப்பதிகாரம் சொல்கிறது. இன்றைக்கும் திருச்சி - மதுரை சாலை இந்த ஊர் வழியாகத்தான் போகிறது.

மூவர் கோயில் என்று ஏன் பெயர்?

பூதி விக்கிரமகேசரி என்ற வேளிர் தலைவர் தன் பெயரில் ஒன்று, மனைவியர் கற்றளி, வரகுணை பெயரில் ஒவ்வொன்று என மூன்று சிவன் கோயில்களை வரிசையாகக் கட்டினார். மூன்றும் மேற்கு பார்த்தவை. இப்போது நிற்பது நடுக்கோயிலும் தெற்குக் கோயிலும் மட்டுமே. வடக்கே இருந்த மூன்றாவது கோயிலுக்கு அடித்தளம்தான் மிச்சம். சுற்றிலும் இருந்த சிறு சன்னதிகளும் அப்படியே. ஆனால், நிற்கிற இரண்டு விமானங்களில் உள்ள அர்த்தநாரீஸ்வரர், யானையை உரித்த சிவன் போன்ற சிற்பங்களுக்காகவே ஒரு நடை போய் வரலாம்.

ஒரு கல்வெட்டு, இரண்டு கணக்கு

இந்தக் குலத்தின் வம்சாவளியைத் தொடர்ச்சியாகச் சொல்வது நடுக்கோயில் சுவரில் உள்ள ஒரே கல்வெட்டுதான். கிரந்த எழுத்தில், சமஸ்கிருதத்தில் இருக்கிறது. மல்லிகார்ஜுனர் என்ற காளாமுகத் துறவிக்கு மடம் அளித்ததையும், 50 துறவிகளுக்கு உணவிட ஏற்பாடு செய்ததையும் குறிப்பிடுகிறது. சிக்கல் என்னவென்றால், அதில் ஆண்டு இல்லை.

விக்கிரமகேசரி பல்லவர் படையையும் வென்றார், வீரபாண்டியனையும் வென்றார் என்கிறது கல்வெட்டு. பல்லவர் ஆட்சி 9ஆம் நூற்றாண்டின் இறுதியோடு முடிந்துவிட்டது. சோழர்களோடு மோதிய வீரபாண்டியனோ 10ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சேர்ந்தவன். இரண்டும் ஒருவர் வாழ்நாளில் எப்படி? அதனால் சிலர் இந்தக் கோயிலை முதலாம் ஆதித்தன் காலத்துக்கும், வேறு சிலர் சுந்தர சோழர் காலத்துக்கும் கொண்டுபோகிறார்கள். கல்கி இரண்டாவது கணக்கை எடுத்துக்கொண்டார். நாவலில் வரும் பெரிய வேளார், வானதியின் பெரியப்பா, இந்த விக்கிரமகேசரிதான்.

வேறு என்ன பார்க்கலாம்?

மூவர் கோயில் இந்தியத் தொல்லியல் துறையின் பராமரிப்பில் உள்ளது. பக்கத்திலேயே ஐவர் கோயில்: நடுவில் ஒன்று, நான்கு மூலைகளில் நான்கு என்று இருந்த அமைப்பு. தமிழ்நாட்டில் அரிதான இதில் இப்போது அடித்தளம் மட்டுமே இருக்கிறது. சோழர் காலத்து முசுகுந்தேஸ்வரர் கோயிலில் இன்றும் வழிபாடு நடக்கிறது. நேரம் இருந்தால் மயில்களுக்குப் பேர்போன விராலிமலை முருகன் கோயிலையும் அதே பயணத்தில் பார்த்துவிடலாம்.