அன்றன்று எழுதிய ஏடு

கணக்கியல் பயிலும் மாணவரிடம் ‘ஜர்னல்’ என்றால் என்ன என்று கேளுங்கள். கொடுக்கல் வாங்கலை முதலில் பதியும் குறிப்பேடு என்பார். விஞ்ஞானம் பயில்பவர், ஆராய்ச்சிக் கட்டுரைகள் வெளிவரும் இதழ் என்பார். மாலுமிக்கு அது பயணக் குறிப்பு; பிறர் அறியாமல் தம் எண்ணங்களை எழுதுவோர்க்கு நாட்குறிப்பு. ஒரே சொல் இத்தனை இல்லங்களில் குடியிருப்பது எவ்வாறு? இவ்வினாவின் விடையில், வரலாற்றுச் சான்றுகளை எடைபோடும் முறையும் அடங்கியிருக்கிறது என்பது என் கருத்து.

இலத்தீன் மொழியில் ‘தியெஸ்’ என்பது நாளைக் குறிக்கும். அதனடியாகப் பிறந்த ‘தியுர்னாலிஸ்’, நாளுக்குரியது எனப் பொருள்படும். அதுவே பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தில் ‘ஜர்னல்’ ஆயிற்று. ‘டைரி’ என்ற சொல்லும் அவ்வேரில் கிளைத்ததே. இரண்டும் உடன்பிறப்புக்கள் என்னலாம்.

முதலில் வணிகரைப் பார்ப்போம். 1494-இல் வெனிஸ் நகரில் லூக்கா பச்சியோலி வெளியிட்ட கணித நூல், அந்நகர வணிகரின் கணக்கு முறையை விளக்குகிறது. அதில் நாட்குறிப்பேடு தேதி வரிசையில் செல்கிறது. பேரேடோ ஆள்வாரியாகவும் பொருள்வாரியாகவும் பிரித்துக் காட்டுகிறது. பேரேட்டில் ஐயம் எழுந்தால் குறிப்பேட்டைப் புரட்டிப் பார்ப்பர். 1492-இல் கடல் கடந்த கொலம்பசும் நாள்தோறும் குறிப்பெழுதினார். மூலம் மறைந்துவிட்டது, லாஸ் காசாஸ் எழுதிவைத்த சுருக்கமே நமக்குக் கிடைத்துள்ளது.

1665-ஆம் ஆண்டு சனவரியில் பாரிசிலும், மார்ச்சில் இலண்டனிலும் அறிஞர்க்கான இதழ்கள் தோன்றின. பாரிசில் தோன்றிய ஏடே ‘ஜர்னல்’ என்ற பெயரைத் தாங்கியது. ஒரு கருத்தை முதலில் கண்டவர் யார் என்ற வழக்கு எழும்போது, அச்சிட்ட இதழின் தேதி சாட்சியாக நின்றது. ஆகவே வணிகரோ மாலுமியோ அறிஞரோ, யாவரும் நாடியது ஒன்றே: நிகழ்ந்ததை அந்நாளிலேயே, நாள் குறித்துப் பதிந்துவைத்தல்.

இப்பொருள்களுட் பல ஒரே ஏட்டில் கூடிநிற்பதைக் காண விழைவோர் புதுச்சேரிக்கு வரவேண்டும். ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை, ஏறத்தாழ இருபத்தைந்தாண்டுக் காலம், தமிழில் நாட்குறிப்பு எழுதினார். அவர் பெருவணிகர்; ஆளுநர் டூப்ளேயின் துபாஷி. கப்பல் வந்த செய்தி, சரக்கு, ஆளுநருடன் நடந்த உரையாடல், படையெடுப்பு, ஊர்ப்பேச்சு அனைத்தும் அதில் உண்டு. 1904 முதல் 1928 வரை அதன் ஆங்கில மொழிபெயர்ப்புப் பன்னிரண்டு தொகுதிகளாகச் சென்னையில் வெளிவந்தது.

அன்றன்று எழுதிய ஏட்டுக்குரிய தனிச்சிறப்பு யாது? அதை எழுதியவருக்கு நாளை நடப்பது தெரியாது. டூப்ளேயின் பெருமை உயர்ந்துவரும் நாளில் எழுதிய பிள்ளைக்கு, 1754-இல் அவர் பதவியிழந்து பிரான்சு திரும்புவார் என்பது தெரியாது. பிற்காலத்தில் தம் வாழ்வை நினைந்து எழுதுபவரோ முடிவை அறிந்தே தொடங்குகிறார். அம்முடிவுக்கு ஏற்பப் பழைய நிகழ்ச்சிகளும் அவர் கையில் உருமாறக்கூடும்.

ஆயினும் அன்று எழுதியது என்பதனாலேயே ஒன்று மெய்யாகிவிடாது. பிள்ளைக்கும் விருப்பு வெறுப்புக்கள் இருந்தன; போட்டியாளரும் இருந்தனர். தேதியைக்கூட அப்படியே ஏற்பதற்கில்லை. 1746-இல் சென்னைக் கோட்டை பிரெஞ்சுக்காரரிடம் பணிந்த நாள், ஆங்கிலேயர் கணக்கில் செப்டம்பர் 10. பிரெஞ்சுக்காரர் கணக்கில் செப்டம்பர் 21. இருவரும் பொய்யுரைக்கவில்லை. ஆங்கிலேயர் 1752 வரை பழைய பஞ்சாங்கத்தையே பின்பற்றினர். பிரெஞ்சுக்காரர் திருத்திய பஞ்சாங்கத்தைக் கைக்கொண்டிருந்தனர். இதனை அறியாதவர் ஒரே நிகழ்ச்சியை இரண்டாக எண்ணி மயங்குவர்.

எனவே மாணவர்களே, பழைய ஏடொன்று உங்கள் கைக்கு வரும்போது மூன்று வினாக்களை எழுப்புங்கள். எழுதியவர் யார்? நிகழ்ச்சிக்கு எத்தனை நாள் கழித்து எழுதினார்? எந்தப் பஞ்சாங்கத்தைக் கொண்டு நாளைக் குறித்தார்? இவற்றுக்கு விடை கண்டபின், ஏட்டில் உள்ள செய்தியைப் படியுங்கள். இன்றைய நாளைப் பற்றி நீங்களும் நான்கு வரி எழுதி, அதன் தலையில் தேதியிட்டு வையுங்கள். பின்னாளில் உங்கள் நினைவு பிறழும்போது, அவ்வரிகளே அதனைத் திருத்தும்.